யோகப் பயிற்சியும் மனத்தின் தொழிற்பாடும்: ஊவா மலைகளிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மனிதனுக்கு வாய்த்த கருவிகளுள் மனத்தைப் போல நன்மை செய்வது வேறில்லை. அதனைப் போலத் தீமை செய்வதும் வேறில்லை. இக்கருவியைக் கையாளும் முறையையே எம் முன்னோர் யோகம் என்று அழைத்தனர். ஆயினும் யோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எம்மவரிடையே இருவகை எண்ணங்கள் எழுவதைக் காண்கின்றோம். அது காவியுடுத்த துறவியர்க்கு உரியது, விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய் மலையேறும் குடும்பத்தினர்க்கு அதனால் ஆவது யாது என்பது பெரியோருள் சிலர் கருத்து. அது உடம்பை வளைத்துக் காட்டும் ஒருவகைத் தேகப்பயிற்சி, மேல்நாட்டார் விரும்புவதால் மதிப்புப் பெற்றது என்பது இளைஞருள் சிலர் கருத்து. யோகம் முதன்மையாக மனத்தைப் பற்றிய கலை என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

இக்கலை ஏட்டிலிருந்து யாத்திரைக்கும், யாத்திரையிலிருந்து பரிசோதனைச் சாலைக்கும் சென்ற வரலாறு மிகச் சுவையானது. அவ்வரலாற்றின் சில கண்ணிகள் எமது ஊவா மாகாணத்திலேயே கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் கோத்துப் பார்த்து, யோகப் பயிற்சியால் மனத்திற்கு உண்மையில் விளைவது யாது, விளையாதது யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல்கள் வகுத்த நெறி

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் நான்கு பாதங்களில் இருநூற்றுக்குச் சற்றுக் குறைந்த சூத்திரங்களையுடைய ஒரு சிறுநூல். மனத்தின் அலைவுகள் ஓய்ந்து நிற்றலே யோகம் என அவர் தொடக்கத்திலேயே இலக்கணம் கூறிவிடுகின்றார். அவ்வலைவுகளை உண்மையறிவு, பிழையறிவு, சொல்லளவான கற்பனை, உறக்கம், நினைவு என ஐந்தாகப் பகுக்கின்றார். உறக்கத்தையும் மனத்தின் தொழில்களுள் ஒன்றாக எண்ணியமை அவரது நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டும்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. மனம் சிதறுண்டவனிடத்தில் துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகியவை உடன் தோன்றும் என்கின்றார் முனிவர். இன்றைய வைத்தியர் ஒருவர் மனப்பதகளிப்புடைய நோயாளியைச் சோதித்து எழுதும் குறிப்பும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும். அதற்கு அவர் கூறும் மருந்துகளுள் இரண்டு கருதத்தக்கவை. இன்புற்றாரிடம் நட்பும், துன்புற்றாரிடம் இரக்கமும், நல்லாரிடம் மகிழ்ச்சியும், தீயாரிடம் நொதுமலும் கொள்ளுதல் ஒன்று. மூச்சை முறையாக வெளிவிட்டு அடக்குதல் மற்றொன்று. முன்னது அயலாரோடு வாழும் வாழ்க்கையைப் பற்றியது. பின்னது தனித்திருந்து செய்யும் பயிற்சியைப் பற்றியது. இரண்டையும் அவர் அடுத்தடுத்து வைத்தமை தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம்.

தமிழிலோ, பத்தாந் திருமுறையாகப் போற்றப்படும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்திற்கு 16 மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகத்திற்கு 64 மாத்திரை, வெளிவிடும் இரேசகத்திற்கு 32 மாத்திரை எனத் திருமூலர் கணக்கும் வகுத்துள்ளார். இதில் வெளிமூச்சு உள்மூச்சின் இருமடங்கு என்பதை வாசகர் மனத்திற் கொள்க. அதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

மூச்சுக்கு ஏன் இத்தனை சிறப்பு? இதயம் துடிப்பதும் உணவு செரிப்பதும் எமது ஆணையின்றியே நடைபெறுகின்றன. கை கால்கள் எமது ஆணைப்படி அசைகின்றன. மூச்சு ஒன்றே இரு பக்கத்திற்கும் உரியது. நாம் உறங்கும்போதும் அது தானே நடக்கும். வேண்டும்போது நாமே அதனை நடத்தவும் கூடும். லயத்தில் இரு காம்பராக்களுக்கு இடையே ஒரு கதவு இருந்தால் இங்கிருந்து அங்கே போகலாம் அல்லவா? அவ்வாறே, மூச்சின் வழியாக, எமது ஆணைக்கு அடங்காத உள்ளுறுப்புக்களின் பக்கத்திற்கு நாம் செல்ல முடிகின்றது. எம் முன்னோர் இதனைக் கருவிகளின்றியே கண்டறிந்தனர்.

ஊவாவும் கதிர்காமமும்

பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணம் 1886ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. எம் மூதாதையர் அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்கு வந்துவிட்டனர். 1869ஆம் ஆண்டில் இம்மாகாணத்தின் மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் ஒரு செம்மஞ்சள் நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. இரு தசாப்தங்களுக்குள் அது இலங்கையின் கோப்பிப் பயிரையே அழித்துவிட, மலைகள் தேயிலைக்கு மாறின. புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது.

தென்னாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த அம்மக்கள் யோக நூல்களைக் கொண்டுவரவில்லை. அவர்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். ஆயினும் மாரியம்மன் திருவிழாவையும், மார்கழிப் பசனையையும், காமன் கூத்தையும், முருகனுக்கு நோன்பிருந்து காவடி எடுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தனர். அவர்கள் வந்து சேர்ந்த மாகாணத்திலேயே கதிர்காமம் இருந்தது. இன்று மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்த அத்திருத்தலத்திற்கு, பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலுமிருந்து அடியார்கள் மலையிறங்கி, வெல்லவாய, புத்தளை வழியாகச் செல்வர். விரதம், மௌனம், நாமசெபம், நீண்ட நடை ஆகிய யாவும் மனத்தை ஒருமுகப்படுத்தும் சாதனைகளே. எம் பாட்டன் பாட்டிமார் யோகம் என்ற பெயரைச் சொல்லாமலே அதன் படிகள் சிலவற்றில் ஏறினர்.

கதிர்காமத்துப் பூசையே மௌனத்தின் இலக்கணம். அங்கே கப்புறாளை வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்கின்றார். திரைக்குப் பின்னே உள்ளது திருவுருவமன்று, பேழையுள் வைத்த ஓர் யந்திரமே என்பர். அவ்யந்திரத்தோடு தொடர்புடையவர் கல்யாணகிரி சுவாமிகள். வடநாட்டிலிருந்து முருகனைத் திரும்ப அழைத்துச் செல்ல வந்த அவர் கதிர்காமத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் உறக்கமின்றித் தவமிருந்தார் என்பது ஐதிகம். ஒரு வேடச் சிறுவனும் சிறுமியும் அவருக்குப் பணிவிடை செய்தனர். ஒருநாள் அயர்ச்சி மேலிட்டு அவர் கண்ணயர்ந்தபோது சிறுவன் அவரைத் தட்டி எழுப்பினான். இத்தனை ஆண்டுகளின் பின் இன்றுதானே உறங்கினேன், என்னை எழுப்பினாயே என்று அவர் சினந்து எழ, சிறுவன் ஓடினான். துரத்திச் சென்றவருக்குத் தீவொன்றிலே முருகனும் வள்ளியுமாகக் காட்சி கிடைத்தது.

இக்கதையைப் பக்தர்கள் அருளின் சிறப்புக்காகக் கூறுவர். யோகத்தைப் பற்றிச் சிந்திக்கும் எமக்கு அது வேறொன்றையும் உணர்த்துகின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் அசையாதிருந்த மனமும் உறக்கம் கலைந்த ஒரு கணத்திற் சினங்கொண்டது. எனவே மனப்பயிற்சியின் அளவுகோல் எத்தனை நாழிகை அமர்ந்திருந்தோம் என்பதன்று. எதிர்பாராத வேளையில் யாரேனும் எம்மைத் தட்டி எழுப்பும்போது எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதே.

குருநாகலில் ஒரு சந்திப்பு

கல்யாணகிரியாரின் இக்கதையை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். கதிர்காமம் பற்றிய அவரது கட்டுரை அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1924ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய சட்டப் பிரிவுகளை ஒழிக்கப் பாடுபட்டவரும் அவரே என்பதை மலைநாட்டார் மறத்தலாகாது. யோகத்தின் வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடமுண்டு.

கேம்பிரிட்ஜில் கற்ற நாள் முதலாக அருணாசலத்திற்கு எட்வேர்ட் கார்ப்பெண்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் நண்பராயிருந்தார். 1890ஆம் ஆண்டின் இறுதியில் கார்ப்பெண்டர் இலங்கைக்கு வந்து, அப்பொழுது குருநாகலில் நீதிபதியாயிருந்த நண்பரிடம் தங்கினார். அருணாசலம் அவரை இராமசுவாமி என்னும் முதிய தமிழ் ஞானியாரிடம் அழைத்துச் சென்றார். ஞானியார் ஆங்கிலம் அறியாதவர், அருணாசலமே மொழிபெயர்த்தார். 1892இல் வெளிவந்த தமது பிரயாண நூலில் கார்ப்பெண்டர் இச்சந்திப்புக்களுக்கெனத் தனி அத்தியாயங்களை ஒதுக்கியுள்ளார்.

அவர் அங்கே கற்றுக்கொண்டது இது. மேல்நாட்டான் தன் சிந்தனையின் தலைவன் தானே என்று எண்ணுகின்றான். உண்மையில் அவனே அதன் அடிமை. ஒரு கவலை புகுந்தால் அதனை வெளியேற்ற வழியறியாது இரவெல்லாம் விழித்திருக்கின்றான். கருவியை எடுத்து வேலை செய்து, முடிந்ததும் கீழே வைக்கும் தொழிலாளியைப் போல, எண்ணத்தையும் வேண்டும்போது எடுக்கவும் வேண்டாதபோது வைக்கவும் மனிதனாற் கூடும். அவ்வாறு வைத்தபின் எஞ்சி நிற்பது வெறுமையன்று. எண்ணத்தினும் ஆழமான ஓர் அறிவுநிலை என்பதே ஞானியாரின் உபதேசம்.

இதனை எம் மலைநாட்டு வாழ்விலிருந்தே விளக்கலாம். கொழுந்துக் கூடையின் கயிறு தாயாரின் நெற்றியில் நாள் முழுதும் அழுந்துகின்றது. ஆயினும் நிறுக்கும் இடத்திற்கு வந்ததும் அவர் கூடையை இறக்கி வைக்கின்றார். இறக்க இடமில்லாவிடில் எவரால் அப்பாரத்தைத் தாங்க முடியும்? கவலையென்னும் கூடையை இறக்க எமக்குப் பழக்கமில்லை. யோகம் கற்பிப்பது அவ்விறக்குதலையே.

குருநாகலில் மூட்டிய இச்சுடர் எங்கெங்கோ சென்றது. கனடாவில் மனநோய் வைத்தியசாலையொன்றின் தலைமை வைத்தியராயிருந்த ரிச்சர்ட் மோரிஸ் பக் என்பார், மனித உணர்வின் உயர்நிலைகளைப் பற்றி 1901இல் எழுதிய நூலில் கார்ப்பெண்டரின் அனுபவங்களை எடுத்தாண்டார். மறுவருடம் வெளியான வில்லியம் ஜேம்ஸின் சமய அனுபவம் பற்றிய பெருநூல், பக் அவர்களையும் சுவாமி விவேகானந்தரின் 1896ஆம் ஆண்டு இராஜயோக நூலையும் ஒருங்கே சுட்டுகின்றது. ஜேம்ஸ் அமெரிக்க மனோதத்துவத்தின் தந்தையர்களுள் ஒருவர். 1907இல் வெளிவந்த கட்டுரையொன்றில், பல மாதங்கள் யோகம் பயின்று மனவலிமை பெற்ற தம் ஐரோப்பிய நண்பரைப் பற்றி அவர் விரித்தெழுதியதோடு, இவ்வலிமை தன்னைத்தானே தூண்டிக்கொள்வதால் வந்ததோ என்ற ஐயத்தையும் எழுப்பினார். மனோதத்துவம் யோகத்தை நோக்கி எழுப்பிய முதற் கேள்விகளுள் அது ஒன்று.

சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கி, கண்டி, மாத்தளை, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றார். அவரெழுப்பிய எழுச்சியிற் பிறந்த தலைமுறையில் இருவரை இங்கு நினைவுகூர்கின்றோம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் மட்டக்களப்பு நாட்டின் கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளிற் கற்றவர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் சம்பத்திரிசியார் கல்லூரியிற் கற்றவர். 1964இல் சமாதியடையும்வரை, சும்மா இருத்தலையே தம்மை நாடி வந்தோர்க்குப் பயிற்சியாகக் காட்டினார். நாமும் மிஷன் பாடசாலையிற் கற்றவர்களே. கண்ணை மூடி, கைகுவித்து, சொல்லை நிதானமாகச் சொல்லும் பழக்கத்தை அங்கேதான் முதலிற் பெற்றோம். அக்கல்வி யோகத்திற்குத் தடையன்று என்பதற்கு இப்பெரியார் இருவரும் சான்று.

தியத்தலாவை முகாம்

மனப்பயிற்சி மேல்நாட்டை அடைந்த மற்றொரு வழி எமது ஊவாவினூடாகவே சென்றது. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டில் போவர் யுத்தக் கைதிகளுக்கென ஆங்கிலேயர் முகாம் அமைத்தனர். முதலாம் உலக யுத்தத்தின்போதும் இரண்டாம் உலக யுத்தத்தின்போதும் இலங்கையிலிருந்த ஜெர்மானியர் அங்கே தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் தொடந்துவைத் தீவு ஆச்சிரமத்தை நிறுவிய பௌத்த துறவி ஞானதிலோக தேரர் இரு யுத்தங்களிலும் இருந்தார். இரண்டாவது முறை அவரது மாணவர் ஞானபோனிக தேரரும் உடனிருந்தார். பின்னர் இவர்கள் வட இந்தியாவிலுள்ள தேராதூன் முகாமிற்கு மாற்றப்பட்டு, 1946இல் விடுதலை பெற்றனர்.

முள்வேலிக்குள் கழிந்த அவ்வாண்டுகளில் ஞானபோனிகர், மூச்சையும் உடலையும் எண்ணத்தையும் விழிப்போடு நோக்கும் சதிபட்டானப் பயிற்சி பற்றிய நூற்பகுதிகளைத் தொகுத்தார். பௌத்த தியானத்தின் இதயம் என்னும் பொருள்படும் அவரது ஆங்கில நூல் 1954இல் கொழும்பில் வெளியாகி, பின்னர் உலகெங்கும் பரவிற்று. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பார், வலியாலும் மனவழுத்தத்தாலும் வருந்தும் நோயாளிகளுக்கு எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். அதில் பௌத்தரின் மூச்சு நோக்கலும் எமது ஹடயோக ஆசனங்களும் ஒருங்கே இடம்பெற்றன. பதஞ்சலியின் நெறியும் புத்தரின் நெறியும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. முடிந்த முடிபில் அவை வேறுபடுவன. ஆனால் மூச்சிலிருந்து மனத்திற்குச் செல்லும் முதற்படிகள் இரண்டிற்கும் பொதுவானவை. சுதந்திரமிழந்த நிலையிலும் மனத்தைப் பண்படுத்தும் வேலையை அத்துறவியர் தொடர்ந்தனர் என்பது, எமது மலைகளில் நிகழ்ந்த செய்தியாதலின், எமக்கு இரட்டிப்பான ஊக்கம் தருகின்றது.

கருவிகள் கூறும் சாட்சி

புகையிரதம் பதுளைக்கு வந்த அதே 1924ஆம் ஆண்டில், பம்பாய்க்கு அண்மையிலுள்ள லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமம் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். யோகத்தை விஞ்ஞானக் கருவிகளாற் சோதிக்க முற்பட்ட முன்னோடி நிலையம் அதுவே. 1935இல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய வைத்தியப் பெண்மணி கருவிகளோடு இந்தியா வந்து யோகியரைச் சோதித்தார். யோகி தன் இதயத்தை நிறுத்த வல்லவன் என்ற பேச்சு அக்காலத்திற் பரவியது. வெங்கர், பக்கி, ஆனந்த் என்னும் ஆய்வாளர்கள் மூவர் 1961இல் வெளியிட்ட சோதனைகளோ, நாடியொலி மறைந்தபோதும் இதயம் துடித்துக்கொண்டேயிருந்ததைக் காட்டின. நெஞ்சுத் தசைகளை இறுக்கி மூச்சை அடக்கியமையாலேயே ஒலி கேட்கவில்லை. இச்செய்தியால் யோகத்திற்கு இழுக்கில்லை. வித்தை காட்டுதல் யோகமன்று என்பதைப் பதஞ்சலியே கூறிவிட்டார். சித்திகள் சமாதிக்கு இடையூறு என்பது அவர் கருத்து.

அதே 1961ஆம் ஆண்டில் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த ஆனந்த், சீனா, சிங் ஆகியோர் யோகியரின் மூளை மின்னலைகளைப் பதிந்தனர். அமைதியான விழிப்புநிலைக்குரிய அல்பா அலைகள் தியானத்தின்போது மேலோங்கின. இரு யோகியரிடம் ஒளி, ஓசை, சூடு ஆகியவற்றால் அவ்வலைகள் கலையவில்லை. வேறிருவர் 4 பாகை சதமளவு குளிர்ந்த நீரில் முக்கால் மணித்தியாலத்திற்கு மேலாகக் கையை வைத்திருந்தபோதும் அவை தொடர்ந்தன. சோதிக்கப்பட்டோர் மிகச் சிலரே. ஆயினும் புலன்கள் தட்டியபோதும் கதவு திறவாதிருத்தல் கூடும் என்பதற்கு அது சான்றாயிற்று.

மிஷன் பாடசாலையிற் கற்ற எம்மை மிகக் கவர்ந்தது 2001ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு. இத்தாலியரான பெர்னார்டி என்பவரும் அவரது துணைவரும் 23 பேரைக் கொண்டு இலத்தீன் மொழியில் கத்தோலிக்கச் செபமாலையையும், யோக மந்திரம் ஒன்றையும் தனித்தனியே சொல்லுவித்தனர். இரண்டினாலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறு முறையாகக் குறைந்தது; இதயத்தின் தாளமும் இரத்தவோட்டத்தின் தாளமும் அதனோடு இசைந்தன. கோயிலிற் பாடும் பாட்டியாரும் தேவாலயத்திற் செபிக்கும் பாட்டியாரும் தம்மையறியாமல் ஒரே வாசலினூடே சென்றிருக்கின்றனர்.

இதன் இயக்கம் இப்பொழுது ஓரளவு விளங்கியுள்ளது. மூளையிலிருந்து இதயம், வயிறு முதலிய உறுப்புக்களுக்குச் செல்லும் வேகசு நரம்பு உடலை அமைதிப்படுத்துவது. மூச்சை வெளிவிடும்போது அதன் தொழில் ஓங்கி இதயத்துடிப்பு மெல்லக் குறைகின்றது. உள்ளிழுக்கும்போது துடிப்பு விரைகின்றது. ஆகவே வெளிமூச்சை நீட்டுவோர் அமைதியின் பக்கத்தை நீட்டுகின்றனர். திருமூலர் 16க்கு 32 என வைத்த கணக்கை இவ்வறிவோடு ஒப்புநோக்கும்போது வியப்பே மிகுகின்றது.

மனத்தின் நிலையைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு குழுவினர் யோகாசனமும் மறு குழுவினர் நடைப்பயிற்சியும் வாரம் மூன்று முறையாக 12 வாரங்கள் செய்தனர். யோகம் செய்தோரிடம் மனமகிழ்ச்சி கூடுதலாகவும் பதகளிப்புக் குறைவாகவும் காணப்பட்டன; அம்மாற்றம் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் இரசாயனப் பொருளின் அளவோடும் தொடர்புற்றிருந்தது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் யோகம் மருந்துக்குத் துணையாகப் பயன்படுத்தப்படுகின்றது. துணையாக என்ற சொல்லை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

புகழுரை எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. தியானிப்போரின் மூளை தடித்திருப்பதாக 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறிற்று. எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் அமைப்பில் மாற்றம் காணப்படவில்லை என்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்த, நன்கு ஒழுங்கு செய்யப்பட்ட வேறோர் ஆய்வு கூறிற்று. உண்மையை நாடுவோர் இரண்டையும் ஏற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும்.

எமது மலைகளில் மனத்தின் நிலை

இவற்றையெல்லாம் ஒரு தோட்டத்து இளைஞர் கேட்டு, இதனால் எமக்கென்ன என்று வினவினால் அவ்வினா நியாயமானதே. எமது சமூகத்தின் மனத்தில் ஏறிய பாரம் சிறிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அக்காள் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்களைப் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் உரிமை கிடைத்தது. லயத்து வாழ்வின் நெருக்கடியும், கடனும், சாராயத்தின் கேடும், படித்தும் வேலையற்றிருக்கும் ஏமாற்றமும் யாவரும் அறிந்தவை. இத்துயரங்களின் வேர் சமூகத்தில் இருப்பதால் அவற்றைச் சமூகமாகவே தீர்த்தல் வேண்டும். கூலி போதாதவனை மூச்சை அடக்கு என்று கூறுதல் யோகமன்று, கொடுமை. மனத்தை அமைதிப்படுத்தும் கலை உரிமையைக் கேட்கும் வாயை அடைப்பதற்கு உதவுமாயின் அக்கலையை நாம் வேண்டோம்.

மனச்சோர்வின் கொடுமையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுதல் நன்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே போக்கினர். அந்நாளில் உலகில் மிக உயர்ந்த அளவுகளுள் அது ஒன்று. பத்தாண்டுகளுள் அது பாதியாகக் குறைந்தது. அதற்குப் பெருங்காரணம் கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதி 1995இலும் 1998இலும் தடுக்கப்பட்டமையே. இதிலிருந்து ஓர் உண்மை துலங்குகின்றது. மனத்தில் எழும் கொடிய அலை பெரும்பாலும் சிறிது பொழுதில் தணிவது. அப்பொழுதைக் கடந்துவிட்டால் உயிர் தப்புகின்றது. அலைவு நிலையானதன்று என்ற யோக நூலின் கருத்தும் இதுவே. பயிற்சியுடையோர்க்கு அலை எழும்போதே அது அலை என்று காணும் சிறு இடைவெளி கிடைக்கின்றது. யோகத்தால் மனத்திற்கு விளையும் நன்மைகளுள் தலையாயது அவ்விடைவெளி என்பதே எமது துணிபு.

எனினும் கடும் மனச்சோர்வுற்றவர்க்கும், இல்லாத குரல் கேட்பவர்க்கும் யோகம் மட்டும் போதாது. அவர் வைத்தியரை நாடல் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்கென உள்ளது. அத்தகையோர் நெடுநேரத் தியானத்தில் தனித்திருத்தல் சிலவேளை தீங்காகவும் முடியும். திருமூலர் கூறிய 64 மாத்திரைக் கும்பகத்தை நூலைப் பார்த்து எவரும் முயலலாகாது. அது குருமுகமாகக் கற்க வேண்டியது. உள்ளிழுத்ததினும் சற்று நீளமாக மூச்சை வெளிவிடுதலோ பெரும்பாலார்க்கு எளிது. அதற்குச் செலவும் இல்லை, சாதி சமய வேற்றுமையும் இல்லை.

நாம் செய்யத்தக்கன

யோகத்தின் குறிக்கோள் வீடுபேறு, அதனை மனவமைதிக்கு மருந்தாக்குதல் தகுமோ எனப் பெரியோர் வினவலாம். அவர்கள் கூறும் குறிக்கோளை நாம் மறுக்கவில்லை. மலையுச்சிக்குச் செல்லும் பாதையில் முதற் திருப்பத்தில் ஓர் ஊற்று இருந்தால், உச்சிக்குப் போகாதவனும் அதில் நீர் பருகலாம். பருகியவர்களுள் சிலர் மேலேயும் ஏறுவர். ஐக்கிய நாடுகள் சபை 2014இல் ஜூன் 21ஆம் நாளைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அது கொண்டாடப்படுகின்றது. ஆண்டுக்கொருமுறை மைதானத்திற் கூடிப் படமெடுப்பதோடு நாம் நின்றுவிடலாகாது.

எமது மன்றத்து இளைஞர்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். மாலைநேர வகுப்புக்களின் தொடக்கத்தில் பத்து நிமிடமேனும் யாவரும் அமைதியாக அமர்ந்து மூச்சை நோக்குவோமாக. பரீட்சைக்கு அஞ்சும் மாணவர்க்கு அது பேருதவி. கதிர்காம யாத்திரை சென்ற முதியோரிடம் அவர்கள் கைக்கொண்ட நோன்பு, மௌனம், நாமசெபம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்போமாக. எம் மக்களின் யோக வரலாறு ஏட்டில் ஏறாமலே மறைந்துகொண்டிருக்கின்றது. இவ்வகுப்புக்களில் பெண்களுக்கும் சம இடம் அளிப்போமாக. நாள் முழுதும் கூடை சுமந்து, மாலையில் அடுப்பையும் பிள்ளைகளையும் சுமக்கும் எம் தாய்மார்க்கும் சகோதரிகட்கும் இறக்கி வைக்கும் பொழுது மற்றெவரினும் மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

பெரியோரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. மனம் சோர்ந்த இளைஞர் ஒருவர் தம் துயரை வாய்விட்டுக் கூறும்போது, பேய் பிடித்ததென்றோ சோம்பலென்றோ ஒதுக்காமல் செவிகொடுங்கள். துன்புற்றாரிடம் இரக்கம் கொள்ளுதலும் மனத்தெளிவிற்கு வழி என்று யோக நூல் கூறுவதை முன்னரே கண்டோம். அவ்விரக்கம் கேட்பவர் மனத்தையும் தெளிவிக்கும், சொல்பவர் மனத்தையும் தெளிவிக்கும். கதிர்காமக் கந்தன் திருவருளால் இப்பயிற்சி எம் மலைநாட்டில் வீடுதோறும் வேரூன்றுக. எம்மவர் உள்ளம் உறுதியும் தெளிவும் பெற்று வாழ்க.